ஆறு லிட்டர் பிடிவாதம்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் இளைய மருமகள் அந்த ரகம். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். அவள் தடுப்பூசி போடப் போகிற பதினோரு குடியிருப்புகளிலும் ஊசியம்மா.

போன செவ்வாய்க்கிழமை, ஊருக்குப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும்போது அவளுடைய மோட்டார் சைக்கிள் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. இரண்டரை மணி நேரம் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் கட்டியிருந்த குளிர்பெட்டியில் ஐஸ் கரைந்து, மீதியிருந்த நாற்பது டோஸ் பாழாய்ப் போனது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வண்டியை நம்பி இனிமே எப்படிம்மா அனுப்புறது?"

தலையைக் குனிந்துகொண்டு "மன்னிச்சிடுங்க மேடம்" என்றிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கலாம். நம்மவள் தலையை நிமிர்த்தினாள்.

"அடுத்த செவ்வாய் ஒரே டேங்க்ல முழு ரூட்டும் முடிச்சு, அஞ்சு மணிக்குள்ள இதே வாசல்ல வந்து நிக்கிறேன். வரலைன்னா ரூட்டை வேனுக்கே கொடுத்திடுங்க."

வேன் என்று அவள் குத்திக் காட்டியது சும்மா இல்லை. அந்த ரூட்டைக் கேட்டு ஒரு வேன்காரர் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தார். அவர் வேறு யாருமல்ல, அவள் புருஷனுடைய சொந்த அண்ணன். மாடியில் அவர், கீழே இவள். ஒரு வாரமாக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

யார் போனால் என்ன, ஊசிதானே முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். வேன் தார் ரோடு வரைக்கும்தான் போகும். ஏழு குடியிருப்புகளுக்குக் கவலையில்லை. மணல் பாதையில் உள்ளே தள்ளிக் கிடக்கிற உப்பளக் குடியிருப்புகள் நாலுக்குத்தான் ஆபத்து. அங்கேயிருந்து தாய்மார்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் பத்து கிலோமீட்டர் நடந்து ரோட்டுக்கு வர வேண்டும். முதல் தவணைக்கு வருவார்கள். இரண்டாவதுக்குப் பாதிப் பேர் வருவார்கள். மூன்றாவதுக்கு யாரும் வரமாட்டார்கள். ஊசி போட்டுப் போட்டு அவளுக்கு அது மனப்பாடம்.

முழு ரூட்டும் இருநூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர். வழியில் பங்க் கிடையாது. மருந்து ஏற்றுகிற வண்டியில் கேனில் பெட்ரோல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். வண்டியின் அசல் டேங்க் துருப்பிடித்து ஓட்டையான பிறகு, அவள் புருஷன் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வாங்கி வந்தது ஒரு குட்டி டேங்க். ஆறு லிட்டர் பிடிக்கும். ஆக, லிட்டருக்கு முப்பத்தொன்பது கொடுத்தே தீர வேண்டும்.

விளம்பரத்தில் அறுபது, எழுபது என்று போடுவார்கள். அது ஒல்லியான ஆள், பெட்டியில்லாமல், காற்று வீசாத ரோட்டில், எங்கேயும் நிற்காமல் போனால். இவள் ஒல்லியும் இல்லை, பெட்டியும் உண்டு, பதினோரு இடத்தில் நிற்கவும் வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இன்று.

*

காலை ஆறு மணிக்கு பங்க்கில் கூட்டமில்லை. அங்கே பெட்ரோல் போடுகிறவள் அவள் நாத்தனார். வேன்காரருக்குத் தங்கை, சின்னவளின் புருஷனுக்கு அக்கா.

"வாம்மா வா. டாக்டர்கிட்டயே சவால் விட்டவ வந்துட்டா," என்றாள் நாத்தனார்.

"கழுத்து வரைக்கும் போடுங்க அண்ணி."

"எனக்கே பெட்ரோல் போடக் கத்துக் கொடுக்கறியா? தள்ளி நில்லு."

வாய் திட்டினாலும் கை ஒழுங்காக வேலை செய்தது. குழலை முழுசாக அழுத்தாமல் மெல்ல மெல்ல விட்டாள். நுரை ஏறியதும் நிறுத்தினாள். வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து ஆட்டினாள். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த காற்று குபுக் குபுக்கென்று வெளியே வந்தது. மறுபடி போட்டாள், மறுபடி ஆட்டினாள். மூன்றாவது தடவை பெட்ரோல் டேங்க் வாயின் விளிம்பில் கண்ணாடி மாதிரி நின்றது.

"இதுக்கு மேல ஒரு சொட்டு போட்டாலும் என் யூனிஃபார்ம்லதான் ஊத்தும்," என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து சாட்சியாக வந்திருந்தவர் மருந்துக் கிடங்குக்காரர். சாதுவான மனிதர், ஆனால் காகிதம் என்று வந்துவிட்டால் சாது இல்லை. டேங்க் மூடியின்மேல் குறுக்கும் நெடுக்குமாக பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டார். டேங்க்குக்கு மண்டையில் அடிபட்டுக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

"சரிபார்ப்புத் தாளை நிரப்பிக் கொடும்மா," என்றார்.

காற்று, பிரேக், செயின், விளக்கு என்று அந்தத் தாளில் ஒன்பது கட்டம் உண்டு. இரண்டு வருஷமாக அவள் அதை டேங்க்மேல் வைத்து ஒரே மூச்சில் ஒன்பது டிக் போடுவாள். பார்த்துப் போடுவதாவது! இன்றைக்குக் கிடங்குக்காரர் எதிரிலேயே நிற்கிறார். வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.

ஏழாவது கட்டம் பெட்ரோல் குழாய். டேங்க்குக்கு அடியில், இடது பக்கம், கட்டைவிரல் அளவில் ஒரு திருகு. அது மெயினில் இருந்தால் மேலே இருக்கிற ஐந்து லிட்டர் மட்டும் என்ஜினுக்கு இறங்கும். அது தீர்ந்ததும் வண்டி இருமும். அப்போது ரிசர்வுக்குத் திருப்பினால் அடியில் ஒதுங்கிக் கிடக்கிற கடைசி ஒரு லிட்டரும் வரும். பெட்ரோல் முள் வேலை செய்யாத அந்தப் பழைய வண்டியில் அந்த இருமல்தான் அவளுக்கு எச்சரிக்கை மணி.

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திருகு ரிசர்வில் இருந்தது.

போன வாரம் நடந்ததெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டரில் வர வேண்டிய இருமல் அன்றைக்கு வரவில்லை. இருநூறிலும் வரவில்லை. அடடா, வண்டி இன்றைக்கு நல்ல மைலேஜ் கொடுக்கிறதே என்று பூரித்துப் போய், ஐஸ் கரைவதற்குள் போய்விடலாமென்று அறுபதில் முறுக்கினாள். முதலிலிருந்தே ரிசர்வில் ஓடிய வண்டி எப்படி இருமும்? ஆறு லிட்டரையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு ஒரேயடியாக நின்றது. நின்ற பதற்றத்தில் குனிந்து பாராமலே திருகைத் திருப்பியதில், அது ரிசர்விலிருந்து மெயினுக்குப் போனது அவளுக்குத் தெரியவில்லை. இருமியிருந்தால் வேகத்தைக் குறைத்து, உருட்டியாவது வீடு சேர்ந்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா வேன் டீசலுக்கு உள்ளே நுழைய வேண்டும்!

"மாமா!" சின்னவள் குரலில் பங்க்கே திரும்பியது. "போன ஞாயிறும் அதுக்கு முந்தின ஞாயிறும் என் வண்டியை எடுத்துட்டுப் போனது யாரு?"

வேன்காரர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "பேட்டரி தூக்கிட்டு வர எடுத்தேன். தம்பிகிட்ட கேட்டுத்தானே எடுத்தேன்?"

"எடுத்தவங்க குழாயை ரிசர்வ்ல திருப்பி வச்சது எதுக்கு? போன வாரமும் இதே வேலைதான் நடந்திருக்கு. ரூட் வேணும்னா என் முகத்துக்கு நேரா சண்டை போடுங்க. இப்படி அடியில கையை விடாதீங்க."

"நானா? நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சு முப்பது வருஷம் ஆகுது. ரிசர்வ் எது மெயின் எதுன்னு எனக்கு நீ சொல்லித் தரப் போறியா?"

"தெரிஞ்சவங்களாலதானே இப்படிச் செய்ய முடியும்?"

அவர் முகம் சுண்டிப் போனது.  டீசலும் போடாமல் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாத்தனாருக்கு மூக்குக்கு மேல் கோபம். "எங்க அண்ணனுக்கு வாய் நீளம், ஆசை நீளம். அதெல்லாம் நானே சொல்லுவேன். ஆனா திருட்டு வேலை தெரியாது அவருக்கு. நாலு பேர் எதிர்ல இப்படிச் சொல்லிட்டியே!"

"நாலு பேர் எதிர்லதான் அண்ணி என் வண்டியும் நின்னுது."

திருகை மெயினுக்குத் திருப்பினாள். ஏழாவது கட்டத்தில் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு டிக் போட்டாள். மீட்டரில் இருந்த எண்ணைப் புறங்கையில் எழுதிக்கொண்டாள்.

வண்டியைக் கிளப்பும்போது நாத்தனார் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தாள். இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். "ஸ்பீடு முள்ளு நாற்பதைத் தாண்டக் கூடாது. காத்து எதிர்ல அடிச்சா முப்பத்தஞ்சு. ஆக்சிலேட்டரை முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடி. ஜெயிச்சுட்டு வந்து அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளு."

"ஜெயிச்சுட்டு வரேன். மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

*

முட்டையைப் பிடித்தபடியே போனாள்.

ஒவ்வொரு குடியிருப்புக்கும் நூறு அடி முன்னாலேயே என்ஜினை அணைத்துவிட்டு உருண்டு போய் நின்றாள். செங்கல் சூளையில் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, ஊசியம்மா வண்டிக்கு நாக்கு தள்ளிவிட்டது என்று கைதட்டிச் சிரித்தார்கள். மழைக்கோட்டு, ஸ்பேனர் பை, மதியச் சாப்பாட்டு அடுக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு ரொட்டிப் பொட்டலம் மட்டும் சட்டைப் பையில். எடை குறையட்டும் என்று காதில் கிடந்ததைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

மணல் பாதையில் பின்சக்கரம் சறுக்கிச் சறுக்கி நடனம் ஆடியது. அங்கேதான் பெட்ரோல் கண்டபடி செலவாகும். இரண்டாவது கியரில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, லாரி போன தடத்திலேயே போனாள்.

கடைசிக் குடியிருப்பில் தகரக் கொட்டகை நிழலில் பன்னிரண்டு தாய்மார்கள் காத்திருந்தார்கள். சுற்றிலும் உப்புக் குவியல்கள், கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. மடியில் இரண்டாம் தவணைக்காரனை வைத்திருந்த ஒருத்தி கேட்டாள்:

"அடுத்த மாசத்துலேர்ந்து வேன் வருதாமே? நாங்க ரோட்டுக்கு நடந்து வரணுமாமே?"

"யார் சொன்னது?"

"உப்பு லாரிக்காரர்தான் சொன்னார். இவனைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் என்னால ஆகாது ஊசியம்மா. இது போதும்னு விட்டுடுவேன்."

சின்னவள் ஊசியில் மருந்தை உறிஞ்சி, காற்றைத் தட்டி வெளியேற்றினாள். குழந்தை என்ன நடக்கப் போகிறதென்று தெரியாமல் அவளைப் பார்த்துச் சிரித்தது.

"விடுறதாவது! அடுத்த தடவையும் நான்தான் வருவேன். இதே கொட்டகைதான், இதே கைதான். லாரிக்காரர்கிட்ட சொல்லிடு."

சொல்லிவிட்டாள். மறுபடியும் வாய் முந்திவிட்டது. குழந்தை வீறிட்டு அழுத சத்தம் மணல் பாதையில் கொஞ்ச தூரம் அவள் பின்னாலேயே வந்தது.

*

திரும்பி வந்து தார் ரோட்டைப் பிடித்தபோதுதான் காற்று ஆரம்பித்தது. நேர் எதிர்க்காற்று. நெஞ்சில் கையை வைத்துப் பின்னால் தள்ளுகிற மாதிரி அடித்தது. ஹேண்டில்மேல் படுத்துக்கொண்டு முப்பத்தைந்தில் ஓட்டினாள்.

சரியாக நூற்றுத் தொண்ணூறாவது கிலோமீட்டரில் வண்டி இருமியது.

இடது கையை விட்டு, குனிந்து, திருகை ரிசர்வுக்குத் தள்ளினாள். வண்டி இரண்டு தடவை குலுங்கிவிட்டு மறுபடி ஓடியது. ஐந்து லிட்டருக்கு நூற்றுத் தொண்ணூறு என்றால் லிட்டருக்கு முப்பத்தெட்டு. கையில் இருப்பது ஒரு லிட்டர். போக வேண்டியது நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர் இடிக்கிறது.

நாலே நாலு! அவளுக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. போன வாரம் பதினொன்று. இந்த வாரம் நாலு. இந்த நாலு கிலோமீட்டரை வைத்து அந்த நாலு குடியிருப்பையும் பிடுங்கிவிடுவார்கள்.

எதிரே ஒரு வேன் வந்து, தாண்டிப் போய், திரும்பி, அவளுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டினாற்போல ஓடியது. ஜன்னலில் வேன்காரர்.

"நில்லு!"

"நிக்கமாட்டேன். நின்னு கிளப்பினா பெட்ரோல் போகும்."

"ரிசர்வ்ல வந்துட்டியா?"

"வந்தா என்ன? திருப்பி வைக்க வந்தீங்களா?"

அவர் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார். "காலையில பத்து பேர் எதிர்ல என்னை மட்டமாக்கிட்டு வந்துட்டே. எனக்கு ரூட் வேணும். ஆமா, வேணும். வேன் சும்மா நிக்குது, கேட்டேன். அதுக்காக உன் டேங்க்ல கை வைக்கிறவனா நான்? வழியில நின்னு தொலைஞ்சா கூட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். வண்டியைப் பின்னால ஏத்து. ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி இறக்கி விடுறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே!"

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

"என் பிடிவாதம் ஆறு லிட்டர் மாமா. இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. நின்னா தள்ளிக்கிட்டு வருவேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

வேன் சீறிக்கொண்டு முன்னால் போனது. புகையை அவள் முகத்தில் விட்டது. போய்த் தொலையட்டும் என்று நினைத்தாள். ஆனால் அது போகவில்லை. ஒரு மாட்டுவண்டி நீளம் தள்ளி, அவள் வேகத்துக்கே இறங்கி, முப்பத்தைந்தில் ஊர்ந்தது. பழிவாங்குகிறார், புழுதி தின்ன வைக்கிறார் என்று நினைத்து, முந்திப் போகலாமா என்று வலது கையை முறுக்கப் போனாள்.

அப்போதுதான் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த கை இல்லாதது தெரிந்தது. காது அமைதியாகிவிட்டது. வேனின் அகலமான முதுகு மொத்தக் காற்றையும் வாங்கிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வண்டி இலகுவாக ஓடியது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்திக்கூடப் பார்த்தாள், முள் இறங்கவில்லை.

அவளுக்கு அந்த உதவி பிடிக்கவில்லை. யாரைக் காலையில் கிழித்துத் தொங்கவிட்டாளோ அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போவது அவமானமாக இருந்தது. விலகிப் போய்விடலாம். விலகினால் நாலு கிலோமீட்டர் இடிக்கும். இரண்டாம் தவணைக்காரனின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேனின் பின்பக்கத்தையே பார்த்தபடி ஓட்டினாள்.

*

நாலு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி அவளே அணைத்தாள். போன வாரம் நின்ற வண்டி. இந்த வாரம் நிறுத்திய வண்டி.

கிடங்குக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பிளாஸ்திரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கையெழுத்து கலையவில்லை. பெட்டியில் ஐந்து டிகிரி. புறங்கை எண்ணைக் கழித்தால் மீட்டரில் இருநூற்று முப்பத்திரண்டு.

"வழியில யார்கிட்டயாவது ஏதாவது உதவி வாங்கினியாம்மா?"

வேன்காரர் வேனை ஓரமாக விட்டுவிட்டு டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"கடைசி நாற்பது கிலோமீட்டரும் மாமா வேன் முன்னாடி போச்சு சார். எதிர்க்காத்து என்மேல படலை. அதையும் எழுதிக்குங்க."

கிடங்குக்காரர் யோசித்தார். சட்டப் புத்தகத்தை மனசுக்குள் புரட்டியிருப்பார். "காத்தைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லையேம்மா."

ஷிஃப்ட் முடிந்து பங்க் யூனிஃபார்மிலேயே வந்திருந்த நாத்தனார் ஒரு கைதட்டு தட்டினாள். அவளுக்குப் பின்னாலிருந்து, கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் தையல் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்திருந்த சின்னவளின் புருஷன் முன்னால் வந்தார். மனுஷருக்கு முகமெல்லாம் பல்.

"நான் நெனச்சேன், ஓடும்னு. ரிசர்வ்ல போட்டு வச்சது நல்லதாப் போச்சு பாத்தியா!"



"யாரு போட்டு வச்சது?" என்று கேட்டாள் சின்னவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நான்தான். திங்கக்கிழமை வண்டி கழுவும்போது போட்டேன். போன வாரமும் போட்டேனே. நீதானே சொன்னே, ஓடுற வண்டியில ஒரு கையை விட்டுட்டுக் குனிஞ்சு திருப்பறப்ப ஒருநாள் கவிழத்தான் போறேன்னு? எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரலை. கடைக்கு வந்தவர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். ரிசர்வ்ல போட்டா பெட்ரோல் தீர்ந்த பிறகும் ஓடும்னார். அப்போ முதல்லேர்ந்தே அதுல போட்டு வச்சா கூடுதலாத்தானே ஓடும்? உனக்கும் குனியற வேலை மிச்சம்."

சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டே போகிற மனுஷர் அவர். தையல் மெஷினைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை.

நாத்தனார் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சின்னவளுக்கு அந்த ஆளைக் கட்டிப் பிடித்து அழலாமா, அந்த அளவு டேப்பாலேயே கழுத்தை நெரிக்கலாமா என்று தெரியவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறார். அதுவும் பாசத்தோடு.

வேன்காரர் மெதுவாக நடந்து வந்தார். "காலையில என்ன சொன்னே?"

"தப்பு மாமா." அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. "பத்து பேர் எதிர்ல சொன்னேன். இவங்க எதிர்ல சொல்றேன், நாளைக்குப் பங்க்லயும் போய்ச் சொல்றேன். நீங்க என் வண்டியைத் தொடலை. நான் பேசினது தப்பு."

 அவர் முகம் மன்னித்த முகமாக இல்லை.

கிடங்குக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அது உங்க வீட்டு விஷயம். நான் அறிக்கையை மேடம்கிட்ட கொடுக்கணும். போன வாரம் டோஸ் பாழானதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காலையில நீ கத்தினதைக் கேட்டு, 'வேறொருவர் குழாயைத் திருப்பிவிட்டார்'னு பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். பேரு போடலை. அப்படியே விட்டுடுவோம். வண்டி ஓடும்னு நிரூபிச்சாச்சு. ரூட் உனக்குத்தான்."

"பேரு போடலைன்னா எல்லாரும் யாரை நினைப்பாங்க சார்?"

அவர் வேன்காரரைப் பார்த்தார். எல்லோருமே அவரைத்தான் பார்த்தார்கள்.

"எம்மேல போடு. நான்தானே செஞ்சேன்," என்றார் புருஷன். முகத்திலிருந்த பல்லெல்லாம் காணாமல் போயிருந்தது.

"நீங்க திருப்பினீங்க. பார்த்தேன்னு டிக் போட்டது யாரு?" சின்னவள் கையை நீட்டினாள். "பேனா கொடுங்க சார்."

கிடங்குக்காரர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். "நல்லா யோசிச்சுக்கோ. பார்க்காமலேயே டிக் போட்டேன்னு நீயே கைப்பட எழுதிக் கொடுத்தா ரூட் மட்டும் இல்லம்மா, வேலையே போகலாம். நாற்பது டோஸ்!"

"போகட்டும் சார். பொய் சொல்லி வச்சுக்கிற ரூட்ல போய் நான் எந்தக் குழந்தைக்கு ஊசி போடறது? இந்த வண்டி நம்பக்கூடாத வண்டின்னு போன வாரம் சொன்னாங்க. வண்டி மேல தப்பு இல்ல. இன்னிக்கு அது ஓடிக் காட்டிடுச்சு. தப்பு யார் மேலன்னு எழுத எனக்கு என்ன பயம்? கொடுங்க."

பேனாவை அவர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கினாள். பென்சில் வரியின்மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் கீழே பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்.

'குழாய் ரிசர்வில் இருந்தது. பார்க்காமல் டிக் போட்டவள் நான். இன்று பார்த்தேன், ஓட்டினேன், வந்து சேர்ந்தேன்.'

கையெழுத்தும் போட்டாள்.

கிடங்குக்காரர் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது. நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். புருஷன் அளவு டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. டாக்டரம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை.

கதவு திறந்தது. கிடங்குக்காரர் தலை மட்டும் வெளியே வந்தது.

"உள்ளே வரச் சொல்றாங்க. வேன்காரரையும் கூப்பிடறாங்க."

வேன்காரர் சட்டைப் பையில் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். ரூட் கேட்டுக் கொடுத்த மனுவின் நகல். அதை நீட்டப் போகிறாரா, கிழிக்கப் போகிறாரா என்று அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் கதவை நோக்கி ஒரு அடி வைத்தார்.

சின்னவள் அவருக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"கொஞ்சம் நகருங்க மாமா. டிக் போட்டவ நான். முதல்ல நான்தான் போகணும்."